8 மில்லி ஸ்பிரிட்டில் காப்பி கொதிக்குமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். மொத்தம் 20 வளைவுகள். ஒரு டிசம்பர் மாதம் எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவர்கள் 9 பேருடன் அந்தப் பாதையில் போனபோது, முதல் வளைவில் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். 20-ஆம் வளைவுக்குள் விடை வந்தாக வேண்டும் என்பது நிபந்தனை.

கேள்வி இதுதான். என் பையில் ஓர் அடுப்பு இருக்கிறது. எடை 15 கிராம்தான். குளிர்பான டப்பாக்கள் இரண்டை வெட்டி நானே செய்தது. அதில் எரிவது ஸ்பிரிட். மலைமேல் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க எத்தனை மில்லி லிட்டர் ஸ்பிரிட் வேண்டும்?

நீங்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை லிட்டர் என்றால் 500 கிராம் தண்ணீர். ஏற்காட்டில் டிசம்பர் மாதக் காலையில் அதன் வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அது 100 டிகிரிக்குப் போக வேண்டுமா? வேண்டாம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் நீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி என்று கொதிநிலை இறங்கும். எனவே ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். 18-லிருந்து 95 வரை 77 டிகிரி. 1 கிராம் தண்ணீரை 1 டிகிரி சூடேற்ற 1 கலோரி வேண்டும். ஆக 500 × 77 = 38,500 கலோரி.

இனி ஸ்பிரிட் பக்கம் வருவோம். ஸ்பிரிட்டில் பெரும்பகுதி எத்தனால். 1 கிராம் எத்தனால் எரிந்தால் சுமார் 6400 கலோரி வெப்பம் கிடைக்கும். ஆனால் எத்தனால் தண்ணீரைவிட இலேசானது. 1 மில்லி லிட்டரின் எடை 0.79 கிராம்தான். கொஞ்சம் தண்ணீரும் கலந்திருக்கும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் 1 மில்லி ஸ்பிரிட்டுக்குச் சுமார் 4800 கலோரி. 38,500-ஐ 4800-ஆல் வகுத்தால் 8 மில்லி!

பன்னிரண்டாவது வளைவிலேயே ஒரு மாணவி, "8 மில்லி, சார்" என்றாள். கணக்கில் பிழையில்லை. இருமல் மருந்துப் புட்டியோடு ஒரு சிறு மூடி வருமே, 10 மில்லி பிடிப்பது, அதுகூட நிரம்பாது. அவ்வளவு ஸ்பிரிட்டில் நான்கு பேருக்குக் காப்பி!

நாங்கள் தங்கியது ஒரு காப்பித் தோட்டத்தில். அங்கே பழம் உலர்த்துவதற்காகச் சிமெண்டுத் தளம் போட்ட பெரிய களம் இருந்தது. உரிமையாளரிடம் அனுமதி பெற்று, அந்தக் களத்தின் நடுவில், மூன்று கற்களுக்கிடையே அடுப்பை வைத்தோம். சரியாக 8 மில்லி அளந்து ஊற்றிப் பற்ற வைத்தோம். நான்கு நிமிடத்தில் தீ அணைந்துவிட்டது. பாத்திரத்துக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தால் 41 டிகிரி! கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம், காப்பி போட முடியாது.

18-லிருந்து 41 என்றால் ஏறியது 23 டிகிரி. தண்ணீருக்குச் சேர்ந்தது 11,500 கலோரி. ஸ்பிரிட் கொடுத்ததோ 38,400. பத்தில் மூன்று பங்குதான் பாத்திரத்துக்குள் போயிருக்கிறது. மீதி ஏழு பங்கு எங்கே?

அதைத் தேடுவதற்குமுன் அந்த அடுப்பில் என்ன எரிகிறது என்று பார்க்க வேண்டும். "ஸ்பிரிட் எரிகிறது" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் திரவம் எரிவதே இல்லை. திரவத்திலிருந்து எழும் ஆவி காற்றோடு கலந்து, அந்தக் கலவைதான் எரிகிறது. மேற்பரப்பில் போதிய ஆவி இல்லையானால் தீக்குச்சியைக் காட்டினாலும் பற்றாது. மண்ணெண்ணெய் நிறைந்த கிண்ணத்தில் எரியும் குச்சியைப் போட்டால் பெரும்பாலும் குச்சிதான் அணையும். ஏனென்றால் மண்ணெண்ணெய்க்குப் போதிய ஆவி எழ ஏறக்குறைய 40 டிகிரி வேண்டும். எத்தனாலுக்கு 13 டிகிரி போதும். உங்கள் தாத்தா பாட்டியிடம் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கல்யாண வீட்டில் அதை ஏற்றுபவர் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்துவார். அது எரிந்து குழாயைச் சூடாக்கிய பிறகே பம்ப் அடிப்பார். பம்ப் ஸ்டவ்விலும் இதே வேலை உண்டு. மண்ணெண்ணெயை ஆவியாக்க ஸ்பிரிட்டின் உதவி தேவைப்பட்டது. ஸ்பிரிட்டுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை.

இந்த 13 டிகிரியை ஏற்காட்டில் கண்ணாலேயே பார்த்தோம். மறுநாள் விடியற்காலையில் பனி மூடியிருந்தது. இரவெல்லாம் வெளியே இருந்த புட்டியிலிருந்து ஸ்பிரிட்டை ஊற்றினால் மூன்று குச்சி கிழித்தும் பற்றவில்லை. புட்டியை நன்றாக மூடிச் சட்டைப்பையில் பத்து நிமிடம் வைத்திருந்தேன். பிறகு முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது.

ஒருமுறை பற்றிவிட்டால் சுடர் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ளும். 1 கிராம் எத்தனாலை ஆவியாக்கச் சுமார் 200 கலோரி போதும். அது எரிந்து தருவதோ 6400. நூறு ரூபாய் வருமானத்தில் மூன்று ரூபாயை முதலுக்குத் திருப்பினால் கடை நடந்துகொண்டே இருக்கும் என்பது போல. எனவே நம் ஏழு பங்கு இங்கே போகவில்லை.

அடுப்பைச் செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். குளிர்பான டப்பாவைத் தகர டப்பா என்றுதான் சொல்கிறோம்; உண்மையில் அது அலுமினியம். இரண்டு டப்பாக்களின் அடிப்பகுதியை மூன்று மூன்று விரற்கடை உயரத்துக்கு வெட்டி எடுங்கள். வெட்டிய விளிம்பு சவர அலகு போல் அறுக்கும். உப்புத்தாளால் தேய்த்த பிறகே விரல் படலாம். ஒன்று கிண்ணம். மற்றது மூடி. மூடியின் நடுக்குழியை வட்டமாக வெட்டி நீக்கிவிட்டு, விளிம்பைச் சுற்றி ஊசியால் 16 துளைகள் இடுங்கள். டப்பாவின் பக்கத்தகட்டிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, வளையமாகச் சுருட்டி, கிண்ணத்துக்குள் நிறுத்துங்கள். அதன் அடி விளிம்பில் இரண்டு மூன்று சிறு வெட்டுகள் இருக்க வேண்டும். மேலே மூடியைக் கவிழ்த்து அழுத்தினால் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொள்ளும். இப்போது அடுப்புக்கு இரட்டைச் சுவர். நடுவில் ஊற்றும் ஸ்பிரிட் அடி வெட்டுகள் வழியே சுவர்களுக்கிடையிலும் புகும். முதலில் நடுவில் மட்டும் எரியும். ஒரு நிமிடத்தில் சுவர்களுக்கிடையில் உள்ள ஸ்பிரிட் 78 டிகிரியை நெருங்கிக் கொதிக்கத் தொடங்கும். அந்த ஆவி வேறு வழியின்றி ஊசித்துளைகள் வழியே பீறிட்டு 16 நீலச் சுடர்களாக மலரும். முதன்முதல் பார்க்கும்போது கைதட்டத் தோன்றும்.

"இவ்வளவு மெல்லிய அலுமினியம் உருகாதா?" என்று கேட்பீர்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். சுடரின் வெப்பநிலை அதைவிட மிக அதிகம். ஆனால் உள்ளே ஸ்பிரிட் இருக்கும்வரை, அது கொதித்துக்கொண்டே தகட்டைக் குளிர்வித்துவிடுகிறது. ஸ்பிரிட் தீர்ந்தால் சுடரும் தீர்ந்தது. (அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் சேர்வராயன் மலையின் உச்சிப் பகுதிகளில் கிடைக்கிறது. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காகப் பல ஆண்டுகள் இங்கிருந்து வெட்டிக் கொண்டுபோனார்கள். டப்பா அடுப்பு ஏற்காட்டுக்குத் தாய்வீடு திரும்பியது என்றும் சொல்லலாம்!)

இந்த அடுப்பு என் கண்டுபிடிப்பல்ல. சுவீடன் நாட்டு ட்ராங்கியா நிறுவனம் பித்தளையில் செய்யும் இதே மாதிரி அடுப்பு 1950-களிலிருந்து மலையேறுபவர்களிடம் இருக்கிறது. அமெரிக்காவில் 3500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலேசியன் மலைப்பாதையை மாதக்கணக்கில் நடந்து கடப்பவர்களுக்கு முதுகில் சுமக்கும் ஒவ்வொரு கிராமும் கணக்கு. அவர்களிடையே டப்பா அடுப்பு பெயர் பெற்றது. ஆனால் நெடும்பயணத்துக்கு இதுதான் சிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மண்ணெண்ணெய் 1 கிராமுக்கு 10,000 கலோரிக்கு மேல் தரும், எத்தனால் 6400-தான். எத்தனால் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணு ஏற்கெனவே குடியிருக்கிறது. ஓரளவு எரிந்துவிட்ட எரிபொருள் அது! நாள்கள் கூடினால், அடுப்பில் மிச்சம் பிடித்த எடையை எரிபொருள் தின்றுவிடும்.

சரி, காணாமற்போன ஏழு பங்கு? மாணவர்களே துப்புத் துலக்கினார்கள். முதல் குற்றவாளி காற்று. களம் திறந்த வெளி. வீசிய காற்றில் சுடர் பாத்திரத்தை விட்டு விலகிச் சாய்ந்துகொண்டிருந்தது. பழைய எண்ணெய் டின்னின் தகட்டை வளைத்து, காற்று வரும் பக்கம் மறைப்பு வைத்தோம். முழு வட்டமாக மூடக்கூடாது. சுடருக்கு ஆக்சிஜன் வேண்டும். அடுப்பும் அளவு மீறிச் சூடாகிவிடும். இரண்டாவது, பாத்திரத்துக்கு மூடி போடவில்லை. மூன்றாவது, கற்கள் உயரமாக இருந்தன. சூடான வாயு பாத்திரத்தின் அடியைத் தொடுவதற்குள் வெளிக்காற்றோடு கலந்து ஆறிவிட்டது. பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் இடைவெளியை 3 சென்டிமீட்டராகக் குறைத்தோம். அதைவிடக் குறைத்தால் சுடர் குளிர்ந்த பாத்திரத்தில் மோதி, முழுதும் எரியாமலே வெளியேறும், கண்ணைக் கரிக்கும். நான்காவது, எங்கள் பாத்திரம் உயரமாகவும் ஒடுங்கியும் இருந்தது. சுடர் பக்கவாட்டில் வழிந்து வீணாயிற்று. தோட்டத்து வீட்டில் அகன்ற அடியுள்ள ஒரு பாத்திரத்தைக் கேட்டு வாங்கினோம்.

மறுநாள் 16 மில்லி ஊற்றினோம். எட்டாவது நிமிடம் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வெப்பமானி காட்டியது 95 டிகிரி. கணக்கைப் போல இரு மடங்கு. அதாவது பாதி வெப்பம் தண்ணீருக்கு, பாதி மலைக்கு. இத்தகைய அடுப்புக்கு இது நல்ல மதிப்பெண் என்றே சொல்வேன்.

இனி நான் விரும்பாத பகுதிக்கு வருகிறேன். இதில் முதல் தவறு என்னுடையது.

அன்று முற்பகல் நல்ல வெயில். அடுத்த காப்பிக்குத் தண்ணீர் ஏற்றியிருந்தோம். அடுப்பு அணைந்துவிட்டது என்று நினைத்து, ஒரு மாணவன் புட்டியிலிருந்து நேராக ஸ்பிரிட்டை ஊற்றினான். "பப்" என்று ஒரு சத்தம். அணையவே இல்லை! எத்தனால் சுடரில் கரித்துகள் மிகக் குறைவு. விளக்குச் சுடரை மஞ்சளாக ஒளிரச் செய்வது அந்தத் துகள்கள்தான். அவை இல்லாததால் ஸ்பிரிட் சுடர் மங்கிய நீலம். வெயிலில் கண்ணுக்கே தெரியாது. ஊற்றிய தாரை வழியே தீ மேலேறியது. அவன் புட்டியைக் கீழே போட்டுவிட்டான். அது உருண்டு களத்தில் ஒரு முழ நீளத்துக்கு எரிந்தது. புருவமும் கைமுடியும் பொசுங்கியதோடு தப்பினான். புட்டி அவன் கையிலேயே வெடித்திருக்கலாம். தளம் சிமெண்டாக இல்லாமல் காய்ந்த புல்லாக இருந்திருந்தால்? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புட்டியைப் பிள்ளைகள் கைக்கு எட்டும்படி வைத்தது நான்தானே.

ஆகவே இதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எரியும் அடுப்பில், எரிந்து முடிந்ததாகத் தோன்றும் அடுப்பில், சூடு ஆறாத அடுப்பில் ஸ்பிரிட் ஊற்றவே கூடாது. விரலால் தொட்டுத் தாங்கும் அளவுக்கு ஆறட்டும். அதுவும் புட்டியிலிருந்து நேராக வேண்டாம். சிறு மூடியில் அளந்து, புட்டியை மூடிப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு, பிறகு ஊற்றுங்கள். அணைக்க வேண்டுமென்றால் ஊதாதீர்கள். ஒரு டின்னைக் கவிழ்த்து மூடுங்கள். ஆசிரியரோ பெற்றோரோ பக்கத்தில் இல்லாமல் தீப்பெட்டியையே எடுக்க வேண்டாம்.

ஊர் திரும்பிய பின் மாணவர்களுக்காக வேறோர் அடுப்பு செய்தேன். ஷூ பாலிஷ் டப்பா நிறைய உலர்ந்த மணல், அவ்வளவுதான். மணல் ஸ்பிரிட்டை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். தட்டிவிட்டாலும் ஓடிப் பரவாது. மணலின் மேல் ஒரு சிட்டிகை உப்புத்தூளைத் தூவினால் சோடியம் தன் மஞ்சள் நிறத்தைச் சுடருக்குக் கொடுக்கும். நிழலில் சுடர் தெரியும். வெயிலில் இதையும் நம்பக்கூடாது. வேகம் குறைவு, பீறிடும் நீலச் சுடர்களின் அழகும் இல்லை. இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய அடுப்பு எது என்று என்னைக் கேட்டால், மணல் அடுப்பைத்தான் சொல்வேன்.

ஸ்பிரிட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் பயன்படுத்தியது மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட். சில புட்டிகளில் இருப்பது எத்தனால் அல்ல, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அதில் கார்பன் அதிகம். சுடர் மஞ்சளாகும், பாத்திரம் கரிபிடிக்கும். பாத்திரத்தின் அடியே அடையாளம் காட்டிவிடும். தொழிற்சாலைகளுக்கான எரிசாராயத்தையும் மெத்தனாலையும் வைத்திருக்கவும் விற்கவும் தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டு முதலே தனி விதிகள் உண்டு. காரணம் இருக்கிறது. மெத்தனால் நிறத்திலும் மணத்திலும் எத்தனாலின் இரட்டைப்பிள்ளை. அடுப்பில் இரண்டும் எரியும். உடலுக்குள் போனால் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். 10 மில்லியே கண்ணைப் பறிக்கலாம். சேர்வராயன் மலைக்குக் கிழக்கே கல்வராயன் மலையைத் தாண்டினால் கள்ளக்குறிச்சி. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து அங்கே 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எனவே எந்த ஸ்பிரிட்டானாலும் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். எங்கள் புட்டியில் சிவப்பு மையால் பெயர் எழுதி, கழுத்தில் நூல் கட்டியிருந்தோம். இருட்டில் தடவினாலும் தெரியும்.

எங்கே ஏற்றலாம் என்பதும் முக்கியம். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 15 கிராம் அடுப்பாக இருந்தாலும் அது தீதான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சேர்வராயன் சரிவுகளில் புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக மேல்நோக்கி ஓடும் என்பதை அந்த நாள் காட்டியது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுப்பாதையில் போக முடியாது. நாங்கள் சேர்வராயன் கோயில் வரை நடந்த அன்று அடுப்பைத் தோட்டத்து வீட்டிலேயே வைத்துவிட்டு, கட்டுச்சோறு எடுத்துப் போனோம். குளிருக்காக அடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ ஏற்றுவதும் கூடாது. காற்றோட்டமில்லாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

கடைசி நாள் மாலை மாணவர்களுக்கு ஓர் ஆசை. "தண்ணீர்தான் இங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறதே, சோறும் சீக்கிரம் வெந்துவிடும் அல்லவா, சார்?" என்றார்கள். செய்துதான் பாருங்கள் என்றேன். ஒவ்வொரு தடவையும் ஆறவிட்டு, அளந்து ஊற்றி, 50 மில்லி தீர்ந்த பிறகும் அரிசி நடுவில் கடுக்கென்று இருந்தது. களத்துக் காவலரின் மனைவி அதை வாங்கித் தம் விறகடுப்பில் ஏற்றி, குழையக் கஞ்சியாக்கிக் கொடுத்தார்.

மாணவர்கள் எங்கே தவறினார்கள்? சீக்கிரம் கொதிக்கும் தண்ணீரில் அரிசி ஏன் தாமதமாக வேகிறது? அடுப்பை ஆறவிட்டு ஆறவிட்டு ஏற்றியதற்கும் இதில் பங்கு உண்டா? இன்னொரு கணக்கும் தருகிறேன். உதகமண்டலம் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 15 டிகிரியில் உள்ள அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க, பாதி வெப்பத்தை வீணாக்கும் நம் அடுப்புக்கு எத்தனை மில்லி ஸ்பிரிட் தேவைப்படும்?